செயற்குறிகளும் சென் கணக்கும்

இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்களில் மதிப்புகளைக் கூட்ட, கழிக்க, ஒட்ட, ஒப்பிட, ஓரிடத்தில் இட்டு வைக்கப் பயன்படும் சிறு குறிகளுக்குச் செயற்குறிகள் என்று பெயர். +, -, *, /, %, =, ==, &&, || என்று அவை நீள்கின்றன. இவற்றில் பாதி, பள்ளிக் கணக்குப் புத்தகத்திலேயே பழகியவை. அந்தப் பழக்கம்தான் தொல்லையும் தருகிறது. தாளில் எழுதும் கூட்டல் குறிக்கு ஒரே வேலை. நிரலில் எழுதும் கூட்டல் குறியோ, இருபுறமும் என்ன வகை மதிப்பு நிற்கிறது என்று பார்த்த பிறகே தன் வேலையை முடிவு செய்கிறது.

இணைய நிரலாக்கத்தில் இரண்டு மொழிகள் பரவலானவை. ஜாவாஸ்கிரிப்டை 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காக பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கினார். அது முதன்மையாக வாசகரின் உலாவிக்குள் ஓடுகிறது. பிஎச்பி, ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1994-இல் தம் சொந்தப் பக்கத்துக்காக எழுதத் தொடங்கி 1995-இல் வெளியிட்டது. அது சர்வரில் ஓடுகிறது. வேர்ட்பிரஸ் தளங்கள் எல்லாம் அதில் எழுதப்பட்டவையே. இரண்டிலும் மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளை இட்டு வைக்கும் இடங்களுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத சங்கதி. பிஎச்பியில் மாறியின் முன்னால் $ குறி வரும், அவ்வளவுதான் வேறுபாடு.

மலேசியாவில், கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியில், கோல லங்காட் மாவட்டத்தில் இருக்கிறது தெலுக் பங்லிமா காராங். அஞ்சல் குறியீடு 42500. அங்கிருந்து முறுக்கும் மசாலாத் தூளும் இணையத்தில் விற்கும் ஒரு சிறு கடையைக் கற்பனை செய்துகொண்டால், அடிப்படைச் செயற்குறிகள் அத்தனையும் அந்தக் கடையின் கணக்குக்குள் அடங்கிவிடும்.

முதலில் கூட்டல். வாடிக்கையாளர் ஒரு பெட்டியில் 2 என்றும் இன்னொரு பெட்டியில் 3 என்றும் தட்டுகிறார். படிவத்திலிருந்து வருவது எண் அல்ல, எழுத்துகளின் வரிசை. நிரலாளர்கள் இதைச் சரம் என்கிறார்கள். மேற்கோள் குறிக்குள் எழுதுவார்கள். ஜாவாஸ்கிரிப்டில் "2" + "3" என்றால் விடை "23". அங்கே கூட்டல் குறிக்கு இரண்டு வேலை: எண்களுக்கு நடுவில் நின்றால் கூட்டும், ஒரு பக்கம் சரம் இருந்தாலும் ஒட்டும். ஐந்து பொட்டலம் கேட்டவருக்கு இருபத்து மூன்று பொட்டலத்துக்கான பில் போகும். ஆனால் "5" - "2" என்றால் 3 என்றே வரும், ஏனென்றால் கழித்தலுக்கு ஒட்டுகிற வேலை கிடையாது; சரத்தை எண்ணாக மாற்றிக்கொள்வதைத் தவிர அதற்கு வழியில்லை. பெருக்கலும் வகுத்தலும் அப்படியே. கழித்துப் பார்த்துச் சரியாக வந்ததால் கூட்டலும் சரியாக வரும் என்று நம்பிப் புதியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பிஎச்பி இதில் நேர்மையான மொழி. அங்கே + எப்போதும் கூட்டும். ஒட்டுவதற்குப் புள்ளி தனியாக இருக்கிறது. "2" + "3" என்றால் 5, "2" . "3" என்றால் "23". எண்ணோடு தொடங்கிச் சொல்லில் முடியும் சரத்தை அது பாதி மன்னிக்கிறது: "12 வெள்ளி" * 2 என்று எழுதினால் எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு 24 தருகிறது. ஜாவாஸ்கிரிப்டோ அதே கணக்குக்கு 'இது எண்ணே அல்ல' என்று கைவிரித்துவிடும்.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்ற நான்கோடு ஐந்தாவதாக % வருகிறது. விழுக்காட்டுக் குறியைப் போலத் தோன்றினாலும் விழுக்காட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வகுத்தபின் எஞ்சும் மீதியை மட்டும் இது தருகிறது: 17 % 5 என்றால் 2. மலேசிய அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணில் இதற்கு அழகான வேலை உண்டு. அந்த எண்ணின் கடைசி இலக்கம் ஆண்களுக்கு ஒற்றைப்படை, பெண்களுக்கு இரட்டைப்படை. கடைசி இலக்கத்தை 2-ஆல் வகுத்து மீதி 1 என்றால் ஆண், 0 என்றால் பெண். ஒரே செயற்குறியில் முடிகிற சோதனை.

மீதிக்குறி உண்மையில் உழைப்பது சில்லறைக் கணக்கில். 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியக் கடைகளில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்யப்படுகிறது. கடைசி இலக்கம் 1, 2 என்றால் 0-வுக்கு இறங்கும். 3, 4 என்றால் 5-க்கு ஏறும். 6, 7 என்றால் 5-க்கு இறங்கும். 8, 9 என்றால் அடுத்த பத்துக்கு ஏறும். நான்கு விதிகள் போலத் தெரிந்தாலும் 5-ஆல் வகுத்த மீதியைப் பார்த்தால் இரண்டே விதிகள்தான். மீதி 3-க்குக் குறைவானால் அதைக் கழித்துவிடு. இல்லையேல் 5 ஆகும் வரை கூட்டு. சென்னில் எழுதிய தொகைக்கு பிஎச்பியில் இரண்டு வரி போதும்:

$மீதி = $தொகை % 5;
$தொகை += $மீதி < 3 ? -$மீதி : 5 - $மீதி;

எடுத்துக்காட்டுக்கு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டு விலை 23.90 வெள்ளி, சேவை வரி 6 விழுக்காடு. (2024 மார்ச்சில் சேவை வரி பொதுவாக 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவகங்களுக்கு 6-ஆகவே விடப்பட்டது.) 2390 * 106 / 100 என்றால் 2533.4, முழு சென்னுக்குக் கொண்டுவந்தால் 2533. அதன் மீதி 3. இரண்டு கூட்டினால் 2535, அதாவது 25 வெள்ளி 35 சென். மேலே உள்ள இரண்டாம் வரியில் நான்கு செயற்குறிகள் கைகோத்திருக்கின்றன: ஒப்பிடும் <, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ?: இணை, கழிக்கும் -, கூட்டி அங்கேயே இட்டு வைக்கும் +=. ?: இணையில் கேள்விக்குறிக்கு முன்னால் நிபந்தனை, பின்னால் அது உண்மையானால் வரும் மதிப்பு, முக்காற்புள்ளிக்குப் பின்னால் பொய்யானால் வரும் மதிப்பு. $அ += 2 என்பது $அ = $அ + 2 என்பதன் சுருக்கம். -=, *= ஆகியவையும் இந்த ரகமே. ஒன்று கூட்ட மட்டும் ++ என்ற இன்னும் குட்டையான வடிவம் உண்டு.

சரிசெய்தலை ஒவ்வொரு பொருளுக்கும் செய்யக் கூடாது, மொத்தத்துக்கு மட்டுமே செய்ய வேண்டும். 1.03 வெள்ளிப் பொருள் மூன்றைத் தனித்தனியே சரிசெய்தால் 3.15 ஆகிறது, கூட்டிவிட்டுச் சரிசெய்தால் 3.10. இதைவிட நுட்பமான ஒரு பள்ளம், பணத்தைத் திருப்பித் தரும்போது இருக்கிறது. திருப்பித் தரும் தொகையை -2533 என்று குறை எண்ணாக எழுதினால், பிஎச்பியும் ஜாவாஸ்கிரிப்டும் -2533 % 5-க்கு -3 என்று விடை தருகின்றன. அது 3-க்குக் குறைவு. எனவே நிரல் அதைக் 'கழிக்கிறது', அதாவது 3 கூட்டுகிறது. தொகை -2530 ஆகிவிடுகிறது. 25.35 வாங்கிய கடை 25.30 மட்டும் திருப்பித் தரும். பைத்தான் மொழியில் அதே கணக்கின் மீதி 2. அங்கே 2 கழிந்து -2535 என்று சரியாக வந்துவிடும். ஒரே குறி, மொழிக்கு மொழி வேறு மரபு. குறியின் முகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. குறை எண்ணைக் கொடுத்துச் சோதித்தால்தான் தெரியும்.

தொகையை வெள்ளியில் எழுதாமல் சென்னில் எழுதியதற்குக் காரணம் உண்டு. கணினி தசம எண்களை இரண்டின் அடுக்குகளாகச் சேமிக்கிறது. மூன்றில் ஒரு பங்கைப் பத்தின் அடுக்குகளில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறதல்லவா, அதேபோல் 0.1 என்பது இரண்டின் அடுக்குகளில் முடியாத எண். ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் 0.1 + 0.2 என்றால் 0.30000000000000004 என்று வருவது இதனால்தான். 19.99 * 100 என்றால் 1998.9999999999998. தசமப் பகுதியை வெட்டி எறிந்தால் 1998; ஒரு சென் காணாமல் போயிற்று. பிஎச்பியில் திரையில் அச்சிட்டால் 1999 என்றே காட்டும், முழு எண்ணாக மாற்றினால் மட்டும் 1998 ஆகும். ஆகவே அங்கே பிழையைக் கண்ணால் பிடிப்பது இன்னும் கடினம். பணத்தைச் சென் கணக்கில் முழு எண்ணாகவே வைத்திருந்து, திரையில் காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுப்பது நெடுநாள் வழக்கம்.

செயற்குறிகள் பல சேர்ந்து வந்தால் எது முதலில் என்பதற்கு முன்னுரிமை விதிகள் உண்டு. பெருக்கல், வகுத்தல், மீதி முதலில்; கூட்டல், கழித்தல் பிறகு; ஒப்பீடு அதற்கும் பிறகு; இட்டு வைக்கும் = கிட்டத்தட்டக் கடைசியில். 10 வெள்ளிப் பொருளுக்கும் 20 வெள்ளிப் பொருளுக்கும் வரி சேர்க்க 10 + 20 * 1.06 என்று எழுதினால் 31.20 வருகிறது: இரண்டாவது பொருளுக்கு மட்டும் வரி விழுந்திருக்கிறது. (10 + 20) * 1.06 என்றால் 31.80. அடைப்புக்குறி இலவசம், தாராளமாகப் போடலாம்.

ஒட்டலும் கூட்டலும் கலக்கும் இடத்தில் மொழியே மனம் மாறியதும் உண்டு. "மொத்தம்: " . 5 + 3 என்ற வரியை 2020 நவம்பருக்கு முந்தைய பிஎச்பி இடமிருந்து வலமாகப் படித்தது. முதலில் "மொத்தம்: 5" என்று ஒட்டி, பிறகு அதோடு 3-ஐக் கூட்ட முயன்று, எண்ணாகத் தொடங்காத சரத்தை 0 என எடுத்துக்கொண்டு வெறும் 3 தந்தது. பிஎச்பி 8 வந்ததும் கூட்டலுக்கு முன்னுரிமை கிடைத்தது. இப்போது "மொத்தம்: 8". ஜாவாஸ்கிரிப்டில் "மொத்தம்: " + 5 + 3 இன்றும் "மொத்தம்: 53" தான்.

அடுத்தது சமக்குறி. ஒற்றை = ஒப்பிடாது; வலப்பக்க மதிப்பை இடப்பக்க மாறியில் இட்டு வைக்கும். ஒப்பிடுவது ==. பணம் கட்டிய பொட்டலத்தின் நிலை 5 என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனைக்குள் $நிலை == 5 என்பதற்குப் பதிலாக $நிலை = 5 என்று ஒரு குறியை விட்டுவிட்டால், நிலை 5-ஆக மாற்றப்பட்டு, 5 என்பது 'உண்மை' என்று கருதப்பட்டு, நிபந்தனை எப்போதும் நிறைவேறும். பிழைச் செய்தி எதுவும் வராது. பணம் கட்டாத பொட்டலமும் கட்டியதாகக் கணக்கில் ஏறி வண்டியில் போகும்.

== தாராள மனம் படைத்தது. இருபுறமும் வகை வேறானால் மாற்றிப் பார்த்துச் சமமா என்று சொல்லும். அஞ்சல் குறியீட்டில் இது என்ன செய்கிறது என்று பார்க்கலாம். அலோர்ஸ்டாரின் குறியீடு 05000. இருபுறமும் சரமாகவே இருந்தும், பிஎச்பியில் "05000" == "5000" என்றால் உண்மை என்கிறது; இரண்டும் எண் போலத் தெரிவதால் எண்ணாகவே ஒப்பிட்டுவிடுகிறது. மேற்கோள் குறி இல்லாமல் 05000 என்று நிரலில் எழுதினால் இன்னும் மோசம். முன்னால் 0 வந்தால் எட்டின் அடுக்குகளில் எழுதிய எண் என்று பிஎச்பியும் பழைய பாணி ஜாவாஸ்கிரிப்டும் எடுத்துக்கொள்கின்றன; அலோர்ஸ்டார் 2560 ஆகிவிடும். 2000-க்குப் பின் பிறந்தவர்களின் அடையாள அட்டை எண்ணும் 0-வில் தொடங்கக்கூடியது. இந்த எண்களை யாரும் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை. இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர்கள் அவை. சரமாக வைத்திருப்பதே முறை.

வகையும் மதிப்பும் இரண்டும் ஒத்தால் மட்டும் உண்மை என்று சொல்வது மூன்று சமக்குறி, ===. ஜாவாஸ்கிரிப்டின் தரவரையறையில் 1999-இல் இது இடம்பெற்றது. "05000" === "5000" பொய். பிஎச்பியில் இந்த வேறுபாடு பாதுகாப்புப் பிரச்சினையாகவே வெடித்தது. கடவுச்சொல்லைச் சுருக்கிச் சேமிக்கும் எம்டி5 முறையில், சில சொற்களின் சுருக்கம் 0, அடுத்து ஆங்கில 'ஈ', பிறகு வெறும் இலக்கங்கள் என்று அமைந்துவிடும். அறிவியல் குறியீட்டில் அதன் பொருள் 'பூஜ்யம் பெருக்கல் பத்தின் அடுக்கு', அதாவது பூஜ்யம். அப்படி அமைந்த இரண்டு வெவ்வேறு சுருக்கங்களை == ஒப்பிட்டால் இரண்டும் பூஜ்யம், ஆகவே சமம். 240610708 என்ற எண்ணின் எம்டி5 அத்தகையது. தவறான கடவுச்சொல்லைச் சரி என்று ஏற்கவைக்க இது போதும். ஐயம் இருந்தால் மூன்று சமக்குறி என்பது இன்று பெரும்பாலான நிரலாளர் குழுக்களின் எழுதாத சட்டம். அதை மீறுவதற்கு நல்ல காரணம் அரிதாகவே கிடைக்கும்.

பெரிது, சிறிது பார்க்கும் குறிகளில் விளிம்புதான் விஷயம். > என்பதில் விளிம்பு சேராது, >= என்பதில் சேரும். மலேசியாவில் 2021 டிசம்பர் 15 முதல் வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆனது. வயது > 18 என்று எழுதிய நிரல், பதினெட்டு வயதுக்காரர் அத்தனை பேரையும் வெளியே நிறுத்தும்.

அடையாள அட்டையின் முதல் இரு இலக்கங்களிலிருந்து பிறந்த ஆண்டைக் கண்டுபிடிக்கவும் ஒப்பீடு வேண்டும். 87 என்றால் 1987, 01 என்றால் 2001:

$பிறப்பு = $ஈரிலக்கம் > $இவ்வாண்டு ? 1900 + $ஈரிலக்கம் : 2000 + $ஈரிலக்கம்;

இங்கே இவ்வாண்டு என்பது நடப்பு ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள். பிஎச்பியில் 2000 + "01" என்றால் 2001. ஜாவாஸ்கிரிப்டில் அதையே எழுதினால் "200001" என்று ஒட்டிக்கொண்டு வரும். நூறு வயது தாண்டிய பாட்டியை இந்த வரி பச்சைக் குழந்தையாக்கிவிடும் என்பது வேறு கதை. அட்டை எண்ணில் நூற்றாண்டு இல்லாததால் எந்தச் செயற்குறியாலும் அதைத் தீர்க்க முடியாது.

பல நிபந்தனைகளைக் கோக்க மூன்று தருக்கக் குறிகள்: && இரண்டும் உண்மையானால், || ஏதேனும் ஒன்று உண்மையானால், ! உண்மையைப் பொய்யாக்க. தெலுக் பங்லிமா காராங் கடை, கடல் தாண்டி சபா, சரவாக், லாபுவானுக்கு அனுப்பும் பொட்டலங்களுக்குக் கூடுதல் கூலி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகுதிகளின் அஞ்சல் குறியீடுகள் 87 தொடங்கி 98 வரையான எண்களில் ஆரம்பிக்கின்றன. கணக்குப் பாடத்தில் எழுதுவதுபோல் 87000 <= குறியீடு <= 98999 என்று ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் பிழையே காட்டாது. முதலில் 87000 <= 42500 பார்க்கும்: பொய். பொய் என்பதை 0 என்று மாற்றி 0 <= 98999 பார்க்கும்: உண்மை. கடை இருக்கும் ஊரிலேயே வசிப்பவர்கூடக் கடல் தாண்டிய கூலி கட்ட நேரும். பிஎச்பி இந்த வரியை ஓட்டவே மறுத்துவிடும். சரியான வடிவம் இரண்டு ஒப்பீடுகள்:

குறியீடு >= 87000 && குறியீடு <= 98999

&& இடப்பக்கம் பொய் என்றால் வலப்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை; || இடப்பக்கம் உண்மையானால் அத்தோடு நின்றுவிடும். 'கூடையில் பொருள் இருக்கிறது && முதல் பொருளின் விலை 50-க்கு மேல்' என்று எழுதும்போது, வெறுங்கூடையில் முதல் பொருளைத் தேடி நிரல் முட்டிக்கொள்ளாமல் இருப்பது இதனால்தான். தவறிப்போய் ஒற்றை & போட்டால் அது எண்களின் இரும இலக்கங்களை (பிட்களை) ஒவ்வொன்றாக ஒப்பிடும் வேறொரு குறி. 4 && 2 உண்மை; 4 & 2 பூஜ்யம். பிஎச்பியில் &&-க்குப் பதில் ஆங்கிலச் சொல் வடிவமான 'ஆண்ட்' என்பதையும் எழுதலாம், ஆனால் அதன் முன்னுரிமை =-ஐவிடத் தாழ்ந்தது; இட்டு வைப்பது முடிந்த பிறகே அது வேலைக்கு வரும். அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஜாவாஸ்கிரிப்டில் || குறியை 'இல்லாவிட்டால்' என்ற பொருளிலும் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். கூலி || 8 என்றால், கூலி குறிக்கப்படாவிட்டால் 8 வெள்ளி. ஆனால் 0-வும் பொய்யாகவே கருதப்படுவதால், இலவச அனுப்புதல் என்று கடைக்காரர் 0 இட்டு வைத்த இடத்திலும் 8 வந்து உட்கார்ந்துகொண்டது. பிஎச்பி 2015-இலும் ஜாவாஸ்கிரிப்ட் 2020-இலும் சேர்த்துக்கொண்ட ?? குறி, மதிப்பே இல்லாதபோது மட்டும் மாற்றைத் தருகிறது. கூலி ?? 8 என்றால் 0 அப்படியே 0-வாக நிற்கும்.

தமிழில் பெயர்ப் பட்டியல் வைத்திருப்பவர்கள் அறிய வேண்டியது, <, > குறிகள் சரங்களையும் ஒப்பிடும் என்பது. ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடில் ஓர் எண் உண்டு. குறிகள் அந்த எண்களையே ஒப்பிடுகின்றன. யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த 1988-ஆம் ஆண்டு இஸ்கி அட்டவணையைப் பின்பற்றியது. அதனால் ன, ந-வுக்கு அடுத்து வருகிறது. ற, ர-வுக்கு அடுத்து வருகிறது. ழ, வ-வுக்கு முன் வருகிறது. "பழனி" < "பவளம்" என்றால் உண்மை என்கிறது நிரல். தமிழ் அகர வரிசையில் வ முன்னால், ழ பின்னால். பவளம்தான் முதலில் வர வேண்டும். மெய்யெழுத்துப் புள்ளியின் நிலைமை இதைவிடக் கேடு. அகராதியில் ண் வந்த பிறகே ண, ணா எல்லாம் வரும். கண்ணன் முன்னே, கணேசன் பின்னே. யூனிகோடில் புள்ளியின் எண், உயிர்மெய்க் கொம்பு கால்களின் எண்களை எல்லாம் தாண்டி நிற்பதால் கணேசன் முந்திக்கொள்கிறார். திருமண அழைப்புப் பட்டியலானாலும் ஆலய நன்கொடையாளர் பட்டியலானாலும் < குறியை நம்பி வரிசைப்படுத்தினால் இந்தக் கோளாறு வரும்.

இதற்குச் செயற்குறி எதுவும் தீர்வல்ல. தமிழ் வரிசை அறிந்த ஒப்பீட்டுக் கருவியை அழைக்க வேண்டும்: ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் என்று மொழியைக் குறிப்பிட்டு 'லோக்கேல்கம்பேர்', பிஎச்பியில் 'இன்டல்' நீட்சியில் உள்ள 'கொலேட்டர்'. இரண்டுமே வ-வை ழ-வுக்கு முன்னால் வைக்கும்; கண்ணனைக் கணேசனுக்கு முன்னால் நிறுத்தும்.